தனேஸ்வரனும் அறுபது குதிரை என்ஜினும்

"நம்ம மீன்பிடி போட்டுக்கு என்ஜின் மாத்திடுவோம் தனேசு. இந்தப் பதினஞ்சு குதிரையை வச்சுக்கிட்டு இனிமே சரிப்படாது லா. அறுபது போட்டுடலாம்" என்று நாகூர் மீரான் சொன்னதும், தனேஸ்வரன் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கிளாசைக் குடிக்காமலே மேசையில் வைத்தார்.

தனேஸ்வரனை அறிந்தவர்களுக்கு அந்தக் கிளாஸ் கீழே இறங்கியதன் அர்த்தம் தெரியும். யாராவது "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று கேட்டாலே, இவன் எதற்குக் கேட்கிறான் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிக்கிற ஆள் அவர். கோயிலில் ஒரு கரண்டி பொங்கல் கூடுதலாக விழுந்தால், திருவிழா நன்கொடைக்கு ஆள் வரப்போகிறது என்று அப்போதே முடிவுகட்டி, இலையோடு நைசாக நழுவிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம், போட்டில் பாதிப் பங்குக்காரர், யாரும் கேட்காமலே, பெரிய என்ஜின் வாங்கிப் போடுகிறேன் என்கிறார்.

"எதுக்கு நானா?"

மீரான் அவரைவிட நான்கைந்து வயது மூத்தவர். சித்தியவானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தனேஸ்வரன் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்.

"எதுக்கா? போன மாசம் சுமத்ராக் காத்து அடிச்சப்ப நீ எப்ப வந்து சேர்ந்த? படகுத்துறை ஜெட்டியில நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிப் போச்சு. அந்தப் பழைய என்ஜின் பெரிய அலை வந்தா நின்ன இடத்துலயே நிக்குது. வானம் கறுக்கும்போதே கிளம்பினா கரை வந்து சேர்ற மாதிரி ஒண்ணு வேணும் லா."

காரணம் நேராகத்தான் இருந்தது. தனேஸ்வரனுக்குப் பிடிக்காததும் அதுதான். இவ்வளவு நேரான காரணத்தை ஒருவர் கையோடு எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றால், பின்னால் கோணலாக இன்னொன்று இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்தது என்று சொல்ல முடியாது. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பால்மரங்களை அழித்துச் செம்பனை நடப்போகிறோம், யாரும் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் வீடு உண்டு என்று ஒருநாள் விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். தனேஸ்வரனும் தட்டினார். பிறகு தண்ணீர்க் குழாய் நின்றது, அதற்கப்புறம் ஆட்களை வெளியேற்ற லாரி வந்தது. நம்பியவர்களும் நம்பாதவர்களும் ஒரே லாரியில்தான் ஏறினார்கள். ஆனால் நம்பாத கிழவர் ஒருவர் முன்கூட்டியே தன் கோழிகளை விற்றுவிட்டிருந்தார். அன்றைக்குத் தனேஸ்வரன் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். இன்றுவரை அதை விடவில்லை.

தோட்டத்தை விட்டு வந்தவர் தவுக்கே என்கிற ஒரு சீன முதலாளியின் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்து கடலைப் பழகினார். மீன் கொடுக்க வந்த இடத்தில் மீரான் பழக்கமானார். ஆளுக்குப் பாதிப் பணம் கொடுத்து ஒரு ஃபைபர் போட்டு வாங்கினார்கள். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் தூண்டில் போட வருகிறவர்களைத் தனேஸ்வரன் ஆற்று முகத்திலிருந்து கடலுக்கு அழைத்துப் போவார். அவர்தான் தெக்கோங், அதாவது போட்டை ஓட்டுபவர், மீன் இருக்கும் இடத்தைக் காட்டுபவர், காற்றைப் பார்த்துத் திரும்பலாமா வேண்டாமா என்று சொல்பவர், எல்லாம். மீரானுக்குப் போட்டில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் கரையோடு சரி.

தெக்கோங்கின் மதிப்பு போட்டில் இல்லை, உஞ்சாமில் இருக்கிறது. தென்னை ஓலைகளைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்து, அடியில் கல்மூட்டை கட்டி, கடலில் ஓரிடம் பார்த்து இறக்கிவிடுவார்கள். ஓலையில் பாசி பிடிக்கும். பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். அதுதான் உஞ்சாம். மேலே மிதவை கிடையாது, அடையாளம் கிடையாது. இருக்கும் இடம் இறக்கினவன் தலைக்குள் மட்டும்தான். இடம் வெளியே தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்புறம் தெக்கோங் வெறும் டிரைவர்.

தனேஸ்வரனின் முதல் உஞ்சாம் அப்படித்தான் போயிற்று. வெளியூர்க்காரன் ஒருவன் போட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் இடத்தைப் பதிந்துகொண்டு போய்விட்டான். மறுவாரமே அங்கே முன்பின் தெரியாத போட்டுகள் நின்றன. அன்று தனேஸ்வரன் ஜெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் தமிழிலும் மலாயிலும் திட்டித் தீர்த்தார். பிறகு முதுகு ஒடிய இன்னோர் உஞ்சாம் கட்டி வேறிடத்தில் இறக்கினார். அதிலிருந்து போட்டில் ஏறுகிற எவரும் கைப்பேசியை மூடிபோட்ட வாளிக்குள் போட்டுவிட வேண்டும். டத்தோ பட்டம் வாங்கினவராக இருந்தாலும் சரி, டாக்டராக இருந்தாலும் சரி. வாளி அவர் காலடியில் இருக்கும்.

புது உஞ்சாமுக்குப் போக அவர் எந்தக் கருவியும் வைத்துக்கொள்ளவில்லை. கருவி இருந்தால் திருடலாம் அல்லவா? தீவின் முனையும் அதற்குப் பின்னால் மலையில் தெரியும் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் வந்ததும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் விடுவார். விடும்போதே ஒரு முழு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். வெற்றிலை சக்கையாகித் துப்புகிற இடம் உஞ்சாம். பழைய என்ஜின் எப்போதும் ஒரே நிதானத்தில் போகும். அவர் மெல்லுவதும் ஒரே நிதானம். இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூடத் தப்பியதில்லை.

அன்று வீட்டுக்குப் போய் மனைவி பாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். பாப்பா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நானா இப்ப ஏன் என்ஜின் மாத்துறாருன்னு நெனக்கிற?"

"நீங்க செத்துப் போயிடக் கூடாதுன்னுதான். காத்து அடிச்ச அன்னிக்கு அவரும்தான் என்கூட ஜெட்டியில நின்னாரு."

"அது சும்மா. அவரு மருமகன் ஷாஹ்ருல் இருக்கான்ல, ஈப்போவுல போட்டு என்ஜின் கடையில வேலை செய்யிறவன். அவன வச்சுப் போட்ட ஓட்டப் பாக்குறாரு. அவனுக்கு உஞ்சாம் தெரியாது. அதான் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க."

"உங்களுக்கு யாரு மேலயும்தான் நம்பிக்கை இல்ல. கண்ணாடியில தெரியிற ஆளு மேலயாச்சும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு பாப்பா டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். இவளும் அவர்கள் பக்கம்தானோ என்று தனேஸ்வரனுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

என்ஜின் வந்தது. ஷாஹ்ருலே லாரியில் கொண்டுவந்து, போட்டின் பின்பலகைக்குப் புதுச்சட்டம் அடித்து, மாட்டிக் கொடுத்தான். கறுப்பாக, பளபளவென்று, தோள் உயரத்துக்கு நின்றது. அதோடு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரையையும் பொருத்தினான்.

"இது என்ன?"

"ஜிபிஎஸ் அங்கிள். மீன் இருக்குறதும் தெரியும், எவ்வளவு வேகத்துல போறோம்னும் தெரியும். என்ஜினோட சேர்த்து ஃப்ரீ."

ஃப்ரீ என்ற சொல் காதில் விழுந்ததுமே தனேஸ்வரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார். ஷாஹ்ருல் கை கழுவப் போன சமயம் கறுப்பு டேப்பை எடுத்து, திரையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். டேப்புக்கு அடியிலும் அது பார்த்துக்கொண்டிருக்குமோ என்று சந்தேகம் வந்து, பின்னால் இருந்த ஒயரையும் பிடுங்கிவிட்டார்.

ஷாஹ்ருல் திரும்பி வந்து டேப்பைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் தனேஸ்வரன் கணக்கில் ஏறியது.

"புது என்ஜின் அங்கிள், முதல்ல மெதுவாத்தான் ஓட்டணும். பழகின பிறகுதான் முழுசாத் திறக்கணும். நானும் கூட வாரேன்."

பார்த்தீர்களா என்று தனேஸ்வரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வா மகனே வா என்று அவனை ஏற்றிக்கொண்டு, உஞ்சாம் இருக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் விட்டார். ஒரு தீவைச் சுற்றினார். சுற்றியது போதாதென்று மறுபடி சுற்றினார். கடைசியில் வெறும் சேற்றுத் தரையின்மேல் நங்கூரத்தைப் போட்டு, "இங்கதான் நம்ம மீனெல்லாம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அன்று முழுக்கக் கெளுத்தி மீன்தான் ஏறியது. ஷாஹ்ருல் அதற்கே பூரித்துப் போய், மாமனாரிடம் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்று வாளியிலிருந்து கைப்பேசியைக் கேட்டான். தனேஸ்வரன் கொடுக்கவில்லை.

கரைக்கு வந்ததும் அவன் சொன்னான்: "இன்னொரு நாள் முழு வேகத்துல போய்ப் பாக்கலாம் அங்கிள். இதோட வேகம் கைக்கு வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"என் கைக்கு வராத வேகமா? நீ போய் உன் வேலையப் பாரு லா."

வேகத்தை அவர் ஏற்கெனவே தலைக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான்கு பதினைந்து அறுபது. ஆகவே இந்த என்ஜின் நான்கு மடங்கு வேகம். ஆகவே முழு வெற்றிலைக்குப் பதில் கால் வெற்றிலை. இதைச் சொல்லிக் கொடுக்க ஈப்போவிலிருந்து ஒருவன் வர வேண்டுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தியாகராஜா வந்தார். ஈப்போவில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பல வருஷ வாடிக்கை. நண்பர்கள் இருவரைக் கூட்டி வந்திருந்தார். கைப்பேசிகள் வாளிக்குள் போயின. ஒன்றுக்கும் உதவாத தியாகராஜாவின் கைக்கடிகாரத்தைக்கூடத் தனேஸ்வரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அன்று அக்கரைச் சுமத்ராவில் காடு எரிந்து வந்த புகைமூட்டம் கடல்மேல் படர்ந்திருந்தது. ஆனாலும் தீவின் முனை தெரிந்தது, மலைப் பள்ளமும் மங்கலாகத் தெரிந்தது. இரண்டும் நேர்கோட்டில் வந்ததும், வெற்றிலையைக் காலாகக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு என்ஜினைத் திறந்தார்.

போட்டு முன்னால் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. தியாகராஜாவின் தொப்பி பறந்து போயிற்று. வாயில் கிடந்ததோ கால் வெற்றிலை. சின்னதாயிற்றே என்று சீக்கிரம் சக்கையாகிவிடவில்லை, நாக்குக்கடியில் ஒதுங்கிக்கொண்டு நிதானமாகத்தான் கரைந்தது. கடைசியில் துப்பிவிட்டு என்ஜினை நிறுத்தித் தூண்டிலை இறக்கச் சொன்னார். ஈயம் வெறும் சேற்றில் போய்க் குத்தி நின்றது. ஓலையும் இல்லை, மீனும் இல்லை. நகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து பார்த்தார். அதற்குள் புகை கெட்டியாகி மலை மறைந்தது, தீவும் மறைந்தது.

"என்ன தெக்கோங், இடம் தவறிவிட்டதோ?" என்று தியாகராஜா மரியாதையாகத்தான் கேட்டார்.

"இடம் தவறல சார். இடத்தக் கிளப்பிட்டுப் போயிட்டானுங்க."

வேறு எதுவாக இருக்க முடியும்? என்ஜின் மாற்றினார்கள், திரை மாட்டினார்கள், கூடவே ஒருவன் ஏறி வந்தான், இப்போது உஞ்சாமைக் காணோம். ஐம்பத்தாறு வயதில், ஒரு லாரி வந்து நின்று மறுபடியும் தன்னை ஏறச் சொல்கிறது என்று தனேஸ்வரன் நினைத்தார். வந்தவர்களைக் காலி ஐஸ் பெட்டியோடு கரையில் இறக்கிவிட்டு, நேரே மீரான் கடைக்குப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடை நிறைய ஆட்கள். மீரான் கல்லாவுக்குப் பின்னால் நின்று யாருக்கோ மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என் உஞ்சாம யாருக்கு வித்த?"

இத்தனை காலம் நீங்க, வாங்க, நானா என்று பேசிய வாய் அது. மீரான் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"என்ன தனேசு சொல்ற?"

"எல்லாம் தெரியும். அறுபது குதிரை எதுக்கு, அந்தத் திரை எதுக்கு, உன் மருமகன் எதுக்கு ஏறி வந்தான், எல்லாம் தெரியும். கடல்ல ஒண்ணுமில்ல. தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"எடுத்துட்டுப் போக அது என்ன என் கடை நாற்காலியா?" என்றார் மீரான். யாரோ சிரித்தார்கள். மீரான் சிரிக்கவில்லை. அவருடைய முகம் கறுத்துவிட்டது. "இத்தனை பேருக்கு முன்னாடி என்னைத் திருடன்னு சொல்லிட்ட. சரி. போட்டு, என்ஜின் எல்லாம் நீயே வச்சுக்க. எனக்குப் பங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே இந்தப் படி ஏறாத."

தனேஸ்வரன் வெளியே வந்தார். குற்றம் செய்தவன்தான் இப்படிச் சட்டென்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒதுங்குவான் என்று வழிநெடுகத் தனக்குச் சொல்லிக்கொண்டே போனார். வீட்டில் பாப்பா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவரோடு பேசாமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலை தனியாகப் போட்டை எடுத்தார். புகை சற்று விலகியிருந்தது. யார் எடுத்தது என்பதற்கு ஏதாவது ஒரு தடயம், ஒரு துண்டுக் கயிறாவது கிடைக்காதா என்பதுதான் அவர் நினைப்பு. கோட்டைப் பிடித்து ஓட்டினார், நிறுத்தினார், ஈயத்தை விட்டார். சேறு. மறுபடி ஆரம்பத்துக்கு வந்து அரை வெற்றிலை போட்டு ஓட்டிப் பார்த்தார். சேறு. அப்புறம் வெற்றிலையே இல்லாமல் வாயை மட்டும் மென்றுகொண்டு ஓட்டினார். சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்திருந்தது. கோபம் அடங்கி, அழுகை வரும் போலிருந்தது.

கொஞ்ச தூரத்தில் பாக் மாட் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அதே ஜெட்டியில் படகு கட்டுகிற மலாய்க்காரர், வயதானவர். காலையிலிருந்து இந்தப் போட்டு முன்னும் பின்னும் பறப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கடைசியில் பொறுக்க மாட்டாமல் மலாயில் கத்தினார்.

"தானேஸ்! தாண்டித் தாண்டிப் போறியே! உன் உஞ்சாம் அங்க இருக்கு!"

வலையை விடாமல் முகவாயால் கரைப் பக்கம் காட்டினார்.

தனேஸ்வரனுக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. முகவாய் காட்டிய பக்கம் போட்டை மெதுவாக விட்டார். "இன்னும் கொஞ்சம். ஆ, அதான்" என்று பாக் மாட் குரல் கொடுத்தார். ஈயத்தை இறக்கினார். பாதியிலேயே எதிலோ உரசி, மெத்தென்று சிக்கியது. ஓலை. அவர் கட்டிய ஓலை. இழுப்பதற்குள் ஒரு கலவா மீன் தூண்டிலைக் கவ்விக்கொண்டது.

அவர் மீனைக்கூடக் கழற்றாமல் பாக் மாட்டின் படகுக்குப் பக்கத்தில் போனார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றார் பாக் மாட், இதென்ன கேள்வி என்பது போல. "உன் பழைய என்ஜின் போற வேகத்துக்கு, நீ எங்க நிக்கிறேன்னு பாக்குறது ஒரு கஷ்டமா? முதல் தடவை உன் உஞ்சாமைத் திருடினப்ப ஜெட்டியில நீ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அன்னிக்கே நாங்க பேசிக்கிட்டோம், இனிமே அவன் இடத்துப் பக்கம் யாரும் போகக் கூடாதுன்னு. என் மகன்கூட இங்க வலை போட மாட்டான்."

தனேஸ்வரன் போட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். உஞ்சாம் கொள்ளை போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அது அவருக்குப் பழகின வலி. இத்தனை வருஷமாக யார் யாரையெல்லாம் முறைத்தாரோ, யார் சிரித்தாலும் திருப்பிச் சிரிக்காமல் போனாரோ, அத்தனை பேரும் அவர் இடத்தைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். வெட்கத்தில் காது சுட்டது. பிறகு வேறொன்று உறைத்தது. எல்லாருக்கும் என்றால், மீரானுக்கு?

கரைக்குத் திரும்பும்போதுதான் முதன்முதலாக, எந்தக் கணக்கும் போடாமல், அந்த என்ஜினை அது போகிற போக்கில் விட்டார்.

கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. படியில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார். மேசை துடைத்துக்கொண்டிருந்த மீரான் நிமிர்ந்து பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"நானா, உஞ்சாம் அங்கேயேதான் இருக்கு. நான்தான் தாண்டிப் போயிட்டேன்."

மீரான் அடுத்த மேசைக்கு நகர்ந்து அதைத் துடைக்கத் தொடங்கினார்.

"பாக் மாட்தான் காட்டினாரு. எல்லாருக்கும் தெரியுமாம். உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"நீ இறக்கின வருஷமே. பாக் மாட் இங்க மீன் கொண்டாரப்ப பேச்சுவாக்குல சொன்னாரு."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

மீரான் துணியை மேசைமேல் போட்டார். "சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப? மறுநாளே அந்த இடத்த விட்டுட்டு, வேற இடம் தேடி, மறுபடியும் ஓலை வெட்டி, கல்லுமூட்டை தூக்கியிருப்ப. அதத் தூக்கித்தான உன் முதுகு போச்சு. எதுக்கு லா? இருக்கிற இடத்துல நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தனேஸ்வரன் வாசலிலேயே நின்று யோசித்தார். போட்டில் பாதி இவருடையது. இடமும் தெரியும். இத்தனை வருஷத்தில் எந்த நாளும் இன்னொருவனை ஏற்றித் தன்னை இறக்கிவிட்டிருக்கலாம். இறக்கவில்லை. காற்று அடித்த அன்று ஜெட்டியில் கால் வீங்க நின்றிருக்கிறார். அதையும் முதல் நாளே, முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"நேத்து நான் பேசினது ரொம்பத் தப்பு நானா. மன்னிச்சுக்குங்க" என்றார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மீரானுக்குக் கோபம் முழுதாகப் போய்விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு உள்பக்கம் திரும்பி, ஒரு தேத்தண்ணீர் போடச் சொன்னார். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். தனேஸ்வரன் படியேறி வந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை ஷாஹ்ருல் வாரேன்னான்" என்றார் மீரான், அவரைப் பார்க்காமல். "உன்கூட ஒருதடவை கடலுக்கு வரணுமாம்."

எதுக்கு என்ற வார்த்தை தனேஸ்வரனின் தொண்டைவரை வந்துவிட்டது. தேத்தண்ணீரை எடுத்து, சூடு என்றும் பார்க்காமல் ஒரு வாய் குடித்தார்.

"வரச் சொல்லுங்க நானா. உஞ்சாமுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.